எங்கே எடுத்தாய் என்று முதலில் கேட்போம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘பாறை மற்றும் மண்’ பாடம் தொடங்கும் நேரம். அறிவியல் ஆசிரியரான நானும், சமூக அறிவியல் நடத்தும் சக ஆசிரியரும் பேசி வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். “ஆத்துல இப்ப தண்ணி இல்ல. சனி, ஞாயிறு லீவுல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டுப் போயி ஆளுக்கு ரெண்டு கல்லு எடுத்துட்டு வாங்க. வித்தியாசமா இருக்கணும், அவ்வளவுதான்” என்றேன்.

செஞ்சிப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தெரியும். சங்கராபரணி ஆறு எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மணலும் கல்லுமாகத்தான் கிடக்கும். ஊரில் பலர் அதைச் செஞ்சி ஆறு என்பார்கள். வராக நதி என்ற பெயரும் உண்டு.

திங்கட்கிழமை காலை என் மேசை கல்லால் நிறைந்துவிட்டது. முந்தைய வாரம் புதைபடிவம் பற்றி நான் ஒரு கதை சொல்லியிருந்தேன். அதனால் எல்லாருடைய கல்லும் புதைபடிவம் ஆகிவிட்டது. “டீச்சர், இது டைனோசர் முட்டை!” “டீச்சர், இதுல இலை ஒட்டியிருக்கு பாருங்க!” “இது எலும்பு டீச்சர், சத்தியமா!” வகுப்பு ஒரே இரைச்சல்.

கடைசியாக ஒரு மாணவி வந்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தாள். உள்ளங்கை நீளத்தில், பழுப்பு நிறத்தில், விறகுச் சிராய் போல ஒரு துண்டு. கையில் வாங்கியதும் கல்லின் கனம். நீளவாக்கில் மரத்தின் நார் வரிகள். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, கல்மரம்.

“எங்கம்மா எடுத்த?”

“ஆத்துல டீச்சர்.”

“இந்த ஆத்துல இது கிடைக்காதும்மா. யாராவது குடுத்தாங்களா?”

அவள் பதில் சொல்லவில்லை. முகம் சுருங்கிவிட்டது. கல்லைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த நிமிடம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் தவறு எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன், நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் பழைய தவறு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லில் பூத்த ‘பெரணி’

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு மாணவன் தட்டையான கல் ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் மேல் கருநிறத்தில் பெரணி இலை வரைந்தது போன்ற அழகான கிளை வடிவம். எனக்கும் அவனுக்கும் ஒரே மகிழ்ச்சி. ‘பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெரணித் தாவரம்’ என்று அட்டையில் எழுதி, அறிவியல் கண்காட்சியில் வைத்தோம். அவனே நின்று எல்லாருக்கும் விளக்கினான்.

பார்வையிட வந்த புவியியல் பேராசிரியர் ஒருவர் கல்லை எடுத்துப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான். “தம்பி, இது எந்தப் பாறையில இருந்து வந்தது?” மாணவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியவில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். பாறையின் விரிசலுக்குள் நீர் கசியும்போது அதில் கரைந்துள்ள மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் கிளை கிளையாகப் படியும். பனிக்காலத்தில் குளிர் நாடுகளின் கண்ணாடிச் சன்னலில் உறைபனி கிளைவிடுவதைப் போன்றது. உயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலை என்றால் நடு நரம்பு இருக்கும், சிற்றிலைகள் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். இதில் அவை இல்லை. விரிசலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி எல்லாப் பக்கமும் மனம்போனபடி கிளைத்திருக்கிறது.

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அட்டையில் எழுதியது நான், சிரிப்பை வாங்கிக்கொண்டது அவன். அந்த ஆண்டு முழுவதும் அவன் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அன்றிலிருந்து, ஒரு கல்லைப் பார்த்ததும் பெயர் சொல்லும் அவசரத்தை விட்டுவிட்டேன். ‘எந்தப் பாறையிலிருந்து வந்தது?’ என்ற அவருடைய கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்.

செஞ்சிக் கல்லில் ஏன் புதைபடிவம் கிடைக்காது?

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகைகளை நாம் எல்லாரும் நடத்துகிறோம். புதைபடிவங்கள் பெரும்பாலும் படிவுப் பாறைகளில்தான் இருக்கும். மணல், வண்டல், சுண்ணாம்புச் சேறு ஆகியவை அடுக்கடுக்காகப் படியும்போது அவற்றுக்குள் புதைந்த உயிரினங்களின் எச்சம்தான் புதைபடிவமாகிறது. உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகிய பாறையில் ஓடும் இலையும் எஞ்சி நிற்க வழியில்லை.

செஞ்சியின் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகள் அப்படிப்பட்ட கிரானைட் பாறைகள். கோட்டையின் வயதை நூற்றாண்டுகளில் சொல்கிறோம். கோட்டை நிற்கும் பாறையின் வயதோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். தரையில் மரங்கள் தோன்றி 40 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. அப்படியானால் இந்தப் பாறை உருவானபோது உலகில் மரம் இல்லை, மீன் இல்லை, சிப்பியும் இல்லை. வகுப்பில் இதைக் கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டுக் காட்டினால் போதும். 250 சென்டிமீட்டர் கோட்டில் கடைசி 40 சென்டிமீட்டருக்குள்தான் மரங்களின் வரலாறு முழுவதும் அடங்கும்.

ஆற்றில் கிடக்கும் கல் எங்கிருந்து வந்திருக்கும்? மேட்டிலிருந்துதான். சங்கராபரணி செஞ்சிக்கு மேற்கே உள்ள மலைகளில் தோன்றுகிறது. அந்த மேட்டுப் பகுதி முழுவதும் பழைய தீப்பாறைகளும் உருமாறிய பாறைகளுமே. எனவே செஞ்சியில் ஆற்றுக்குள் கிடக்கும் கூழாங்கல்லில் புதைபடிவம் இருக்க வாய்ப்பில்லை. அந்த மாணவியிடம் ‘இந்த ஆத்துல கிடைக்காது’ என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

மேசைக்கு வந்த ஏமாற்றுக் கற்கள்

அன்று மாணவர்கள் கொண்டுவந்தவற்றை வகைப்படுத்தினோம். எந்த ஊர்ப் பள்ளியிலும் இவை வரும் என்பதால் விளக்கமாகவே தருகிறேன்.

*முட்டை:* நீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்கள். கிரானைட் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போல உரிந்து உருண்டையாவதும் உண்டு. உடைந்த பக்கம் இருந்தால் பாருங்கள். உள்ளே ஓடு, கரு என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே சீரான படிகங்கள் மின்னும்.

*எலும்பு, விரல், வேர்:* இவற்றில் பெரும்பாலானவை சுக்கான் கற்கள். மண்ணில் உள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து, பிறகு கட்டிகட்டியாக இறுகியவை. செடியின் வேரைச் சுற்றிப் படிந்தால் நடுவில் துளையுள்ள குழாய் போலவே இருக்கும். பார்க்க எலும்பு, உண்மையில் சுண்ணாம்பு.

*உண்மையான எலும்பு:* இரண்டு பேர் கொண்டுவந்தது ஆட்டெலும்பும் மாட்டெலும்பும். எடை குறைவு, நிறம் வெளுப்பு. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னோம்.

*சிப்பி, நத்தை:* இன்றும் நம் ஏரியிலும் வாய்க்காலிலும் வாழும் நன்னீர் வகைகளின் ஓடுகள். மெல்லியவை. உள்ளே மண் நிரம்பியிருந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும்.

*மரம்:* உருமாறிய பாறையான நைஸ் கல்லில் வெளிர் வரியும் கரு வரியும் மாறி மாறி ஓடும். சட்டென்று பார்த்தால் மரப்பலகை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அபிரகத் துகள்கள் பளபளக்கும், படிகங்கள் தனித்தனியாகத் தெரியும்.

*இரும்புக் கசடு:* குமிழ் குமிழாகத் துளைகள் கொண்ட கருங்கட்டி. ‘விண்கல்’ என்று கொண்டுவந்தார்கள். பழைய உலைகளின் கழிவு.

*பெரணி:* இந்த ஆண்டும் ஒன்று வந்தது. என் பழைய கதையைச் சொன்னேன். சிரிப்பு வந்தது. ஆனால் இம்முறை சிரிப்பு என்னைப் பார்த்து.

இவை புதைபடிவம் இல்லை என்றதும் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. ‘இது ஏன் அது இல்லை?’ என்று காரணம் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

வகுப்பறையில் செய்யக்கூடிய சோதனைகள்

இவற்றுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். வானவில் மன்ற நேரத்தில் செய்து பார்க்கலாம். வரிசை முக்கியம்.

1. இடம். எந்த ஊர், ஆற்றின் நடுவிலா கரையிலா, மண்ணுக்குள் இருந்ததா மேலே கிடந்ததா? அந்த இடத்துக்கு மேட்டில் என்ன பாறை? மாவட்ட நிலவியல் வரைபடம் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

2. எடை. தராசில் நிறை பார்த்து, அளவு சாடியில் நீரில் மூழ்கவைத்து, உயர்ந்த நீரின் பருமனால் வகுத்தால் அடர்த்தி. அந்த மாணவியின் துண்டு 132 கிராம். நீர் 52 மில்லிலிட்டர் உயர்ந்தது. அடர்த்தி சுமார் 2.5. நம் ஊர் மரக்கட்டைகளில் பெரும்பாலானவை நீரில் மிதக்கும், அதாவது அடர்த்தி 1-க்குக் கீழே. எனவே இது மரமாகத் தெரிந்தாலும் பொருளால் கல். ஆனால் சாதாரணக் கல்லின் அடர்த்தியும் இதே அளவுதான். இந்தச் சோதனை மரத்தையும் கல்லையும் பிரிக்கும், கல்லையும் கல்மரத்தையும் பிரிக்காது.

3. அமிலம். கல்லில் ஓர் இடத்தைச் சுரண்டிப் பொடியாக்கி இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். சுக்கான் கல்லும் ஓடுகளும் நுரைக்கும். சிலிக்காவால் ஆன கல்மரம் நுரைக்காது. ஆய்வக அமிலத்தை ஆசிரியர் மட்டும் கையாள வேண்டும்.

4. கடினம். கண்ணாடித் துண்டை மேசையில் படுக்கவைத்து, கல்லின் முனையால் ஆசிரியரே கீறிப் பாருங்கள். சிலிக்கா கண்ணாடியைக் கீறும். சுண்ணாம்புக் கல்லால் முடியாது.

5. மூன்று பக்கம். கல்லை நனைத்துவிட்டு லென்ஸ் வழியே பாருங்கள். மரம் என்றால் பக்கவாட்டில் நீள வரியும், வெட்டுமுகத்தில் வளையமோ புள்ளி புள்ளியான துளைகளோ தெரிய வேண்டும். மேல் பக்கத்தில் மட்டும் கோலம் இருந்தால் அது படிந்த கறை. எல்லாப் பக்கத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அமைப்பு இருந்தால்தான் அது உயிரின் உடல்.

எந்த ஒரு சோதனையும் தனியாக முடிவு சொல்லாது. ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் ‘இருக்கலாம்’ என்று சொல்லலாம். ‘தான்’ போட்டுச் சொல்ல வல்லுநர் வேண்டும். அவர்கள் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் மென்சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மரவகையை முடிவு செய்கிறார்கள்.

ஆயா ஊர் ஆறு

இரண்டாம் நாள் மாலை. மற்றவர்கள் போன பிறகு அந்த மாணவி மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

“டீச்சர், நான் பொய் சொல்லல. ஆத்துலதான் எடுத்தேன்.”

“எந்த எடத்துல எடுத்த, சொல்லு பாப்போம்.”

“எங்க ஆயா ஊர்ல டீச்சர். லீவுக்குப் போனப்ப. திருவக்கரைக்குப் பக்கத்துல. அங்க ஓடுறதும் நம்ம ஆறுதானே டீச்சர்?”

எனக்கு வாயடைத்துவிட்டது. அது நம் ஆறுதான். செஞ்சியைக் கடந்து, வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரை வழியாகப் போய், வில்லியனூரைத் தொட்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் அதே சங்கராபரணி. செஞ்சியிலிருந்து திருவக்கரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், தென்கிழக்கே, பள்ளத்தில். அங்கே கீழிருக்கும் பாறை வேறு. ‘கடலூர் மணற்கல்’ என்று அழைக்கப்படும் செம்பழுப்புப் படிவுப் பாறை.

கல் ஆற்றோடு கீழே போகும், மேலே ஏறாது. அதனால் செஞ்சி ஆற்றுக்குக் கல்மரம் தானாக வர முடியாது என்ற என் கணக்கு சரி. ஆனால் ‘ஆத்துல’ என்று அவள் சொன்னதை ‘செஞ்சியில்’ என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். ‘எங்கே’ என்று கேட்டேனே தவிர, பதிலை முழுதாகக் கேட்கவில்லை. பேராசிரியர் கற்றுக்கொடுத்த கேள்வியில் பாதியைத்தான் நான் கற்றிருக்கிறேன். முதல் தடவை ஆராயாமல் ஏற்றுக்கொண்டு ஒரு பிள்ளையின் வாயை அடைத்தேன். இந்தத் தடவை விசாரிக்காமல் மறுத்து இன்னொரு பிள்ளையின் வாயை அடைக்கப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். “நான் தப்பா நெனச்சிட்டேன். இவ எடுத்தது நம்ம ஆத்துலதான். கீழ்ப்பக்கம்.” அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு அந்தக் கல்லை வைத்துத்தான் மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் செய்தோம்.

திருவக்கரையில்

தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடும் பெற்றோர் சம்மதத்தோடும் ஒரு நாள் திருவக்கரைக்குப் போனோம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இடம்பெற்றுள்ள தேசியக் கல்மரப் பூங்கா அங்குதான் உள்ளது. நம் மாவட்டத்திலேயே இருந்தும் எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அதுவரை பார்த்ததில்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் இப்பூங்காவின் பாதுகாக்கப்பட்ட பரப்பு சுமார் 247 ஏக்கர். சுமார் 200 கல்மரங்கள் உள்ளன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளம். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். 1781-இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா இவற்றைப் பற்றி எழுதினார்.

மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன். “இங்க இருக்கிற மரத்துல என்ன இல்லன்னு பாருங்க.” அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பட்டை இல்லை. கிளை இல்லை. வேர் இல்லை. இலை இல்லை. ஒன்றுகூட நின்றுகொண்டிருக்கவில்லை, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. “அப்படின்னா?” என்றேன். “வெள்ளம் அடிச்சுட்டு வந்துச்சு டீச்சர்!” என்றான் ஒருவன். நிலவியலாளர்களின் முடிவும் அதுதான். வேறெங்கோ வளர்ந்த மரங்களைப் பழங்கால ஆறு பெயர்த்துவந்து மணலில் புதைத்தது. காற்றுப் படாமல் புதைந்ததால் அவை மட்கவில்லை. சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மரத்தின் செல்களுக்குள் ஊறி, சிறிது சிறிதாகப் படிந்தது. மரப்பொருள் போய்விட்டது, அதன் அமைப்பு கல்லாக நின்றுவிட்டது. இதைத்தான் கல்லாதல் என்று பாடம் நடத்துகிறோம்.

இங்குள்ள மரங்களில் ஊசியிலை மர வகைகளும், இன்றைய புளி, மருது ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்தவையும் அறியப்பட்டுள்ளன. அறிவியல் பெயர்களைக் கவனித்தால் பல ‘ஆக்சிலான்’ என்று முடியும். மெசெம்பிரியாக்சிலான், டெர்மினாலியாக்சிலான் என்பன போல. ‘சைலான்’ என்றால் கிரேக்க மொழியில் மரக்கட்டை. இலையோ பூவோ கிடைக்காமல் கட்டை மட்டும் கிடைத்ததால், கட்டைக்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்த அளவுக்கு மட்டும் பெயர் சொல்வது என்ற அடக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு நான் சொன்ன மிக முக்கியமான செய்தி இதுவே என்று நினைக்கிறேன்.

பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அப்போது எழுந்த கேள்வி, ‘இவளுடைய கல்?’ அவள் எடுத்தது பூங்காவுக்கு வெளியே, ஆற்றங்கரையில். ஆனாலும் அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனால் இரண்டு கோடி ஆண்டு இருந்தது இருபது ஆண்டில் தீர்ந்துவிடும். என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள். “குடுத்துடலாம் டீச்சர். ஆனா நான்தான் எடுத்தேன்னு எழுதணும்” என்றாள்.

நியாயமான கோரிக்கை. முதல் நாளே அளந்து, மூன்று பக்கமும் படம் வரைந்து வைத்திருந்தோம். கல்லைப் பூங்காப் பணியாளரிடம் ஒப்படைத்தோம். வகுப்பறைச் சுவரில் இப்போது கல் இல்லை, அட்டை இருக்கிறது.

பிற மாவட்ட ஆசிரியர்களுக்கு

எல்லா ஊர் ஆறும் செஞ்சி ஆறு போல வெறுங்கையோடு அனுப்பாது. திருவக்கரைக்கு அருகிலேயே, வழுதாவூரை ஒட்டிய பகுதியில் பழங்காலக் கடலில் படிந்த பாறைகள் உள்ளன. அங்கு சேகரிக்கப்பட்ட அம்மோனைட், நத்தை, சிப்பி ஆகியவற்றின் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இதைவிடப் பரந்த பகுதி உண்டு. ‘ஊட்டத்தூர்’, ‘அரியலூர்’ என்ற நம் ஊர்ப் பெயர்களாலேயே அங்குள்ள பாறைத் தொகுதிகள் உலகெங்கும் அறியப்படுகின்றன. 1940-இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளம்.

அங்கே காய்ந்த ஓடைகளில் தென்படும் சிறிய புதைபடிவங்களை அடையாளம் காணச் சில குறிப்புகள்.

சிப்பி: இரண்டு மூடிகள். பெரும்பாலும் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் போலிருக்கும். கடல் ஆளிகளில் ஒரு மூடி குழிந்தும் மற்றொன்று தட்டையாகவும் இருப்பதுண்டு.

அம்மோனைட்: ஒரே தளத்தில் சுருண்ட வடிவம், மேலே விலா எலும்பு போன்ற வரிகள். நத்தை பெரும்பாலும் கோபுரம் போல ஒரு பக்கம் உயர்ந்து சுருளும், அம்மோனைட்டின் உட்புறம் அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும்.

பெலம்னைட்: துப்பாக்கிக் குண்டு போன்ற கூர்முனை உருளை. உடைந்த முகத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராக வரிகள் விரியும். கணவாய்க்கு உறவான உயிரினம்.

கடல் முள்ளெலி: ஐந்து கதிர் கொண்ட பூப்போன்ற அமைப்பு.

சுறாப் பல்: பளபளப்பு மாறாத முக்கோணம்.

ஆனால் அங்கும் முதல் கேள்வி மாறாது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய கல் உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவி, மக்கள் திரண்டார்கள். வந்து பார்த்த வல்லுநர்கள் அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றிக் கடற்படிவு இறுகி உண்டான உருண்டைகள் என்று விளக்கினார்கள். அது கடலில் படிந்த பாறை என்பதை அறிந்தவருக்கு முட்டை என்றதுமே சந்தேகம் வந்திருக்கும். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் உள்ளது. அருகிலுள்ள பள்ளிகள் மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.

ஓர் அட்டை போதும்

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இத்தனையும் வேண்டாம். நிறம், கனம், வழவழப்பு ஆகியவற்றைக் கொண்டு கற்களைப் பிரிக்கச் சொல்லி, ‘இந்தக் கல் எங்கிருந்து வந்திருக்கும்?’ என்று ஒரு கதை சொல்லவைத்தால் போதும். உயர்நிலை வகுப்புகளுக்கு, ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அட்டை எழுதும் பழக்கத்தைத் தொடங்கலாம். எங்கள் அட்டையில் இவை இருக்கின்றன: கண்டெடுத்தவர், நாள், இடம், மேட்டில் உள்ள பாறை, நீளம், நிறை, சோதனை முடிவுகள், ‘நாங்கள் நினைப்பது’, ‘எங்களுக்குத் தெரியாதது’. கடைசி வரியைக் காலியாக விட அனுமதி இல்லை.

இடம் தெரியாத புதைபடிவம், முகவரி இல்லாத கடிதம் மாதிரி. யாரிடமிருந்து, எந்தக் காலத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ‘இது என்ன?’ என்பதற்கு முன் ‘எங்கே எடுத்தாய்?’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

எங்கள் சுவரில் உள்ள முதல் அட்டையில் ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் அந்த மாணவி தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். ‘இடம்’ என்பதற்கு நேரே, ‘எங்கள் ஆறு, ஆயா ஊர்ப் பக்கம்’ என்று இருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. கீழே ஊரின் பெயரை மட்டும் சேர்த்து எழுதச் சொன்னேன்.